வீட்டில் சவுனா: போர்க்காயம் உள்ள குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

கடந்த மார்கழி விடுமுறைக்கு ஒஸ்லோவுக்கு அருகே உள்ள அக்கா வீட்டில் நின்றேன். அவர்கள் புதிதாக வாங்கிய வீட்டின் நிலக்கீழ் தளத்தில் ஒரு சிறிய சவுனா இருந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஆசையோடு அதைச் சூடாக்கினார்கள். அத்தானும் சாரத்தோடு உள்ளே வந்து, ஏற இலகுவாக இருக்கும் என்று அடுப்புக்குப் பக்கத்தில் கீழ் வாங்கில் இருந்தார். கால் மணி நேரம் கதைத்துச் சிரித்துவிட்டு எல்லோரும் வெளியே வந்தோம்.

இரவு அவர் காலுறையை மாற்றும்போதுதான் மகள் கண்டாள். இடது கெண்டைக்காலின் வெளிப்பக்கம் முழுவதும் கொப்பளம். இறுதிப் போர் நேரம் வன்னியில் எறிகணைச் சிதறல் பட்டு நரம்பு அறுந்த கால் அது. முழங்காலுக்குக் கீழே அவருக்கு உணர்வு இல்லை. "தம்பி, எனக்குச் சுடவே இல்லையே" என்று அவர் என்னிடம் சொன்னார். அடுப்பின் கதிர்வெப்பத்துக்கு மிக அருகில் கால் நீட்டியிருந்திருக்கிறார். மற்ற எவரும் அந்த இடத்தில் ஒரு நிமிடம்கூட இருந்திருக்க மாட்டோம். சுடுகிறது என்று உடல் சொல்லியிருக்கும், நாங்கள் தள்ளி இருந்திருப்போம். அவரது கால் எதையும் சொல்லவில்லை.

நோர்வே, பின்லாந்து, சுவீடன், ஜேர்மனி, சுவிஸ், கனடா என்று குளிர் நாடுகளில் வாழும் எம்மவர் வீடுகளுக்குள் சவுனா இப்போது மெல்ல நுழைந்துகொண்டிருக்கிறது. சிலருக்கு வாங்கிய வீட்டோடு வருகிறது. சிலர் இணையத்தில் பார்த்து பெட்டி போன்ற கூடுகளை வாங்கிப் பொருத்துகிறார்கள். விற்பவர்கள் தரும் கையேடு, நன்றாக உணரவும் நன்றாக வியர்க்கவும் கூடிய உடலை மனதில் வைத்து எழுதப்பட்டது. எங்கள் குடும்பங்களில் அப்படியில்லாத உடல்கள் பல உண்டு. சவுனாவைத் தெரிவு செய்யும்போது விலைக்கும் அழகுக்கும் முன்னர் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இதற்குள் யார் யார் போகப்போகிறார்கள், அவர்களுடைய உடலில் போர் எதை விட்டுச் சென்றிருக்கிறது?

சவுனா என்பது என்ன?

மரத்தால் அமைந்த சிறிய அறை. அதற்குள் ஓர் அடுப்பு. அடுப்பின் மேல் கற்கள். அறையின் காற்று 80 முதல் 100 பாகை செல்சியஸ் வரை சூடாகும். காற்று மிகவும் உலர்ந்திருப்பதால்தான் அந்தச் சூட்டை உடல் தாங்குகிறது. வியர்வை உடனே ஆவியாகித் தோலைக் குளிரவைக்கிறது. இடையிடையே அகப்பையால் கற்களின் மேல் தண்ணீர் ஊற்றுவார்கள். எழும் ஆவியைப் பின்லாந்து மக்கள் 'லோயுலு' என்கிறார்கள்.

ஐம்பத்தைந்து இலட்சம் பேர் வாழும் பின்லாந்தில் ஏறத்தாழ முப்பது இலட்சம் சவுனாக்கள் உள்ளன. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ அந்தப் பண்பாட்டை மனிதகுலத்தின் அருவ மரபுப் பட்டியலில் சேர்த்தது. பழைய காலத்தில் அங்கு பிள்ளை பிறந்ததும் சவுனாவில்தான், இறந்தவரைக் குளிப்பாட்டியதும் சவுனாவில்தான். அவர்களும் போரையும் இடப்பெயர்வையும் கண்டவர்கள். 1939இல் தொடங்கிய சோவியத்துடனான போர்களின் விளைவாகக் கரேலியா நிலத்தை இழந்து நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேறிடங்களில் குடியேற நேர்ந்தது. புதிய காணியில் முதலில் சவுனாவைக் கட்டி, வீடு எழும்பும்வரை அதற்குள்ளேயே குடியிருந்த குடும்பங்கள் அங்கு உண்டு. போர்முனையில் படையினரும் சவுனா கட்டினார்கள்.

எங்களுக்கும் இது முற்றிலும் அந்நியமானதல்ல. சித்த மருத்துவம் சொல்லும் 32 வகைப் புறமருந்துகளில் வேதும் ஒன்று. நொச்சி, வேப்பிலை, ஆடாதோடை போட்டு அவித்த தண்ணீரில் போர்வை மூடி வேது பிடிப்பதும், பிள்ளை பெற்ற தாயை அந்தத் தண்ணீரில் வார்ப்பதும் எங்கள் வீடுகளில் இன்றும் உண்டு. ஆனால் வேது சில நிமிட வேலை. சவுனாவில் முழு உடலும் சூடாகிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணக்கூடாது.

உண்மையில் நன்மை உண்டா?

உண்டு, ஆனால் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு அல்ல. கிழக்குப் பின்லாந்தில் நடுத்தர வயது ஆண்கள் 2,315 பேரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2015இல் வெளிவந்தது. வாரத்துக்கு நான்கு முதல் ஏழு தடவை சவுனாவுக்குப் போனவர்களிடையே, வாரம் ஒரு தடவை போனவர்களைவிட, திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. ஆனால் அது கவனித்துப் பார்த்த ஆய்வு மட்டுமே. அடிக்கடி சவுனாவுக்குப் போகக்கூடியவர்கள் முதலிலேயே ஓரளவு ஆரோக்கியமானவர்களாக இருந்திருக்கலாம். அவர்கள் சிறுவயது முதல் பழகியவர்கள். எறிகணைத் துண்டைச் சுமந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வும் அல்ல. அந்த ஆய்வு பார்த்தது பின்லாந்தின் மரபுவழிச் சவுனாவைத்தான். கடைகளில் விற்கும் வேறு வகைக் கூடுகளுக்கு அதை அப்படியே பொருத்திச் சொல்ல முடியாது.

இறுகிய தசை தளரும், மூட்டு நோவு சிறிது நேரம் குறையும், இரவில் நித்திரை நன்றாக வரும் என்று பலர் சொல்கிறார்கள். இவை நம்பக்கூடியவை. 'உடலின் நஞ்சு வெளியேறும்' என்பது வியாபாரப் பேச்சு. வியர்வையில் பெரும்பகுதி தண்ணீரும் உப்பும்தான். கழிவை அகற்றும் வேலையை ஈரலும் சிறுநீரகமும் செய்கின்றன. 'எடை குறையும்' என்றால், குறைவது தண்ணீர். ஒரு கோப்பை தேநீர் குடித்ததும் திரும்பிவிடும். உடலில் தங்கிய செல் துண்டு சூட்டில் கரையும், வெளியே வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மூன்று வகைகள்

முதலாவது, அடுப்பும் கல்லும் உள்ள மரபுவழிச் சவுனா. மின்சார அடுப்பும் உண்டு, விறகு அடுப்பும் உண்டு. வீட்டுக்குள் என்றால் மின்சாரமே சரி. விறகு அடுப்புக்கு முறையான புகைபோக்கியும் காற்றோட்டமும் வேண்டும். காபன் மொனொக்சைட் வாயு மணமின்றி ஆளைக் கொல்லும். தோட்டத்தில் தனியாகக் கட்டிய சவுனாவுக்கு மட்டுமே அது பொருந்தும்.

இரண்டாவது, இன்ஃப்ராரெட் எனப்படும் செங்கீழ்க் கதிர்க் கூடு. காற்றை அதிகம் சூடாக்காமல் தட்டுகளிலிருந்து வரும் கதிர்வெப்பம் தோலைச் சூடாக்குகிறது. உள்ளே 45 முதல் 60 பாகைதான் இருக்கும். மின்செலவும் குறைவு, பொருத்துவதும் இலகு. இதனால் 'வயதானவர்களுக்கு இதுதான் பாதுகாப்பு' என்று விற்கிறார்கள். உணர்வு உள்ளவருக்கு அது ஓரளவு சரி. உணர்வு இல்லாத கால் அல்லது முதுகு உள்ளவருக்கு இதுதான் கூடுதல் ஆபத்து. தட்டு உடலிலிருந்து சில அங்குல தூரத்தில் இருக்கும். அரை மணி நேரம் அதில் சாய்ந்திருந்தால் மெதுவாகவே தோல் வெந்துவிடும், தெரியவே வராது.

மூன்றாவது, ஆவிக் கூடும் ஆவிக் கூடாரமும். 40 முதல் 50 பாகைதான், ஆனால் ஈரப்பதன் முழுமையாக இருக்கும். அந்தக் காற்றில் வியர்வை ஆவியாகாது. எனவே உடல் தன்னைக் குளிர்விக்க முடியாது. ஆவி வரும் குழாய் வாயில் கால் பட்டால் வெந்துவிடும். மடித்து வைக்கும் மலிவான துணிக் கூடாரங்களில் சிப்பைத் திறந்து எழுந்து வெளியே வரக் கை வலுவும் கால் வலுவும் வேண்டும். அவை இல்லாதவருக்கு அது ஒரு பொறி.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

*கதவு.* வெளிப்பக்கம் தள்ளித் திறப்பதாக இருக்க வேண்டும். பூட்டு, கொக்கி, தாழ்ப்பாள் எதுவும் இருக்கக் கூடாது. உருளையோ காந்தமோ பிடித்திருந்தால் போதும். மயங்கி விழுபவர் கதவில் சாய்ந்தால் அது திறந்துகொள்ள வேண்டும். கண்ணாடிக் கதவு மேலும் நல்லது. வெளியே நிற்பவர் உள்ளே இருப்பவரைப் பார்க்கலாம்.

*அடுப்பின் வலு.* ஒரு கன மீற்றர் அறைக்கு ஏறத்தாழ ஒரு கிலோவாற்று என்பது பொதுக் கணக்கு. 2 மீற்றர் நீளம், 1.5 மீற்றர் அகலம், 2.1 மீற்றர் உயரம் என்றால் 6.3 கன மீற்றர். கண்ணாடியும் தரையோட்டுச் சுவரும் சூட்டை இழுப்பதால், அவற்றின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் ஏறத்தாழ 1.2 கன மீற்றரைக் கூட்டிக் கணக்கிடுவார்கள். அடுப்புடன் வரும் அட்டவணையே இறுதி. வலு கூடினால் நல்லது என்று எண்ண வேண்டாம். அளவுக்கு மீறிய அடுப்பு கற்களைச் சூடாக்குவதற்கு முன்பே காற்றைக் கொதிக்க வைத்து நின்றுவிடும்.

*மின்னிணைப்பு.* 6 கிலோவாற்று அடுப்பு சாதாரண சுவர்ப் பிளக்கில் இயங்காது. தனி இணைப்பும் தனி பிரேக்கரும் வேண்டும். அனுமதி பெற்ற மின்னிணைப்பாளரே செய்ய வேண்டும். 'எங்கட ஆள் ஒருவர் மலிவாகச் செய்வார்' என்பது இங்கே வேண்டாம். நெருப்பு வந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது அந்தப் பத்திரத்தைத்தான். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியும் தேவை. செலவையும் கணக்குப் பாருங்கள். 6 கிலோவாற்று அடுப்பு ஒன்றரை மணி நேரம் எரிந்தால் 9 அலகு வரை மின்சாரம் போகும்.

*மரமும் கல்லும்.* வாங்குக்கு அஸ்பென், ஆல்டர் போன்ற பிசின் இல்லாத மரம் நல்லது. பிசின் கட்டியுள்ள பைன் மரத்தில் சூட்டில் பிசின் உருகித் தோலில் ஒட்டிச் சுடும். இரசாயனம் ஏற்றிய மரமும் வார்னிஷ் பூச்சும் கூடாது. தெரியும் ஆணித் தலைகளும் கூடாது. கற்களைச் சவுனாவுக்கென விற்கும் இடத்தில் வாங்குங்கள். ஆற்றங்கரையில் பொறுக்கிய கல் உள்ளே ஈரம் இருந்தால் வெடித்துச் சிதறும். ஆண்டுக்கு ஒருமுறை கற்களை எடுத்துப் பார்த்து, உதிர்ந்தவற்றை மாற்ற வேண்டும்.

*அடுப்பு வேலியும் கைபிடியும்.* அடுப்பைச் சுற்றி மர வேலி கட்டாயம். பிள்ளைகள் உள்ள வீட்டிலும் ஒரு காலோடு நடப்பவர் உள்ள வீட்டிலும் சுவரில் மரக் கைபிடி, வழுக்காத தரை, அகலமான கீழ் வாங்கு ஆகியவை வேண்டும். இவற்றை வீட்டுக்கு வந்த பிறகு அல்ல, வாங்கும்போதே கேட்டுச் செய்வியுங்கள்.

சவுனா களஞ்சிய அறை அல்ல

எங்கள் வீடுகளில் எங்கே இடம் இருந்தாலும் அரிசி மூட்டையும் பயணப் பெட்டியும் குடிபுகுந்துவிடும். வீட்டோடு வந்த சவுனாவைப் பயன்படுத்தாத பலர் அதைச் சாமான் அறையாக்கி விடுகிறார்கள். பின்லாந்தில் வீட்டுச் சவுனாத் தீயின் வழமையான காரணங்களில் ஒன்று இதுதான். அடுப்பின் மேல் ஏதோ வைத்திருக்கும், பிள்ளை தெரியாமல் சுவிட்சைத் திருப்பிவிடும், அல்லது தூர இயக்கியில் யாரோ அழுத்திவிடுவார்கள். அடுப்பின் மேல் துவாயும் உள்ளாடையும் உலரப் போடுவதும் அப்படியே. சவுனாவைப் பயன்படுத்தப் போவதில்லை என்றால் மின்னிணைப்பை நிரந்தரமாகத் துண்டித்துவிடுங்கள். பயன்படுத்துவதென்றால் உள்ளே வாளி, அகப்பை, துவாய் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது.

போர்க்காயம் உள்ளவர்கள்

இந்தப் பகுதி கடையில் யாரும் சொல்லித் தராதது. ஆறுதலாக வாசியுங்கள்.

*உணர்வு இழந்த கை, கால்.* நரம்பு அறுந்தவர்களுக்கும், நீண்ட கால நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்கும் சூட்டை அறியும் வழி இல்லை. அடுப்பிலிருந்து மிகத் தொலைவான மூலையே அவர்களுடைய இடம். அந்தக் காலை ஈரத் துவாயால் மூடக் கூடாது. ஈரம் சூட்டை உள்ளே கடத்தும். உலர்ந்த பருத்தித் துவாயை வாங்கில் விரித்து இருக்க வேண்டும். வெளியே வந்ததும் இன்னொருவர் அந்தக் காலைப் பார்க்க வேண்டும். அத்தான் வீட்டில் எங்களுக்குத் தவறியது இதுதான்.

*முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்கள்.* காயத்துக்குக் கீழே உணர்வு மட்டுமல்ல, வியர்வையும் இல்லாமல் போகிறது. வியர்க்கும் பரப்பு குறைவதால் உடல் வெப்பம் விரைவாக ஏறி, இறங்கச் சுணங்கும். காயம் மார்புப் பகுதியின் 6ஆவது முள்ளென்பிலோ அதற்கு மேலோ இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. உணர முடியாத ஒரு தூண்டல், அது சூடாகவோ நிரம்பிய சலப்பையாகவோ இருக்கலாம், குருதி அழுத்தத்தைத் திடீரென உச்சத்துக்குக் கொண்டுபோகும். தலை பிளப்பது போன்ற வலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேலே மட்டும் வியர்த்தல் ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே வெளியே எடுத்து, படுக்க வைக்காமல் நிமிர்த்தி இருத்தி, அவசர உதவியை அழைக்க வேண்டும். இவர்கள் தமது மறுவாழ்வு வைத்தியரைக் கேட்காமல் சவுனாவுக்குள் போகவே கூடாது. படுக்கைப்புண் இருந்தால் கேட்கவும் தேவையில்லை, போகக் கூடாது.

*தீக்காயத் தழும்பும் ஒட்டுத்தோலும்.* ஆழமாக எரிந்து ஆறிய தோலிலும் ஒட்டிய தோலிலும் வியர்வைச் சுரப்பிகள் இல்லை. முதுகும் மார்பும் அப்படி இருந்தால் உடல் குளிர வழி குறைகிறது. குறைந்த சூடு, குறைந்த நேரம்.

*உடலில் உள்ள உலோகம்.* செல் துண்டோ, எலும்பில் பொருத்திய கம்பியோ உள்ளவர்கள் பலர் பயந்து கேட்கிறார்கள். மரபுவழிச் சவுனாவில் ஆழத்தில் உள்ள உலோகம் சுற்றியுள்ள தசையைவிடக் கூடுதலாகச் சூடாகாது. தோலுக்கு அடியில் தடவுப்படும் அளவுக்கு மேலே உள்ள துண்டு வேறு. அந்த இடத்தில் நோவோ கதகதப்போ கூடினால் உடனே வெளியே வாருங்கள். செங்கீழ்க் கதிர்க் கூடு என்றால் உற்பத்தியாளரின் கையேட்டையும் வைத்தியரையும் கேட்ட பிறகே. துண்டு எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் இதைச் சாட்டாக வைத்தாவது ஒரு எக்ஸ்றே எடுத்து வைத்திருப்பது நல்லது. பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் அது மிக முக்கியமான தகவல்.

*செயற்கைக் கால்.* வெளியே கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். உலோக மூட்டு சுடும், உள்ளுறை பழுதாகும். வெளியே வந்ததும் உடனே மாட்ட வேண்டாம். சூட்டில் கால் முனை வீங்கித் தோல் இளகியிருக்கும். நன்றாக உலர்ந்து வீக்கம் வடியும்வரை பொறுங்கள், இல்லாவிட்டால் உரசிப் புண்ணாகும்.

*தலைக்காயமும் வலிப்பும்.* தனியாக ஒருபோதும் போகக் கூடாது.

பதுங்குகுழியின் நினைவு

சின்ன அறை. மங்கிய வெளிச்சம். மூச்சு முட்டும் சூடு. தண்ணீர் பட்டதும் சீறும் கல். எரியும் மரத்தின் மணம். பின்லாந்து மனிதருக்கு இவை அமைதி. பங்கருக்குள் நாட்கணக்கில் இருந்த ஒருவருக்கு, தடுப்பில் வதைபட்ட ஒருவருக்கு, இவை என்ன என்பதை அவர் வாயால் சொல்ல மாட்டார். 'எனக்கு விருப்பமில்லை' என்று மட்டும் சொல்வார்.

அந்தச் சொல் போதும். 'அப்பா ஒரு பயந்தாங்கொள்ளி' என்று பிள்ளைகள் பகிடி பண்ண விடாதீர்கள். வற்புறுத்த வேண்டாம். அவரே முயன்று பார்க்க விரும்பினால் சில ஏற்பாடுகள் உதவும்: விளக்கை முழுதாகப் போடுங்கள். கதவோரம் இருக்க விடுங்கள். முதல் தடவை கதவைச் சற்றுத் திறந்தே வையுங்கள். 50, 60 பாகையில் தொடங்குங்கள். சொல்லாமல் கல்லில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நெஞ்சு படபடத்து, பழைய காட்சிகள் வந்தால் எழுந்து வெளியே வந்து, குளிர்ந்த காற்றில் தரையில் கால் ஊன்றி நிற்பதே மருந்து. அப்படி அடிக்கடி வருமென்றால் அது சவுனாவின் பிரச்சினையல்ல. உளவளத்துணையாளரிடம் பேச வேண்டிய விடயம்.

குளிசை எடுப்பவர்கள்

நித்திரைக்கும் நரம்பு வலிக்கும் பலர் எடுக்கும் அமிட்ரிப்டிலின் போன்ற குளிசைகளும் சில மனநோய் மருந்துகளும் வியர்வையைக் குறைக்கும். லித்தியம் எடுப்பவருக்கு உடல் நீர் வற்றினால் அதன் அளவு குருதியில் ஏறி நஞ்சாகும். குருதி அழுத்தக் குளிசையும் சலம் போக்கும் குளிசையும் எடுப்பவர்கள் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழலாம். இன்சுலின் ஊசி போட்ட உடனே சூட்டுக்குள் போனால் அது வேகமாக உறிஞ்சப்பட்டுச் சீனி இறங்கிவிடும். வலிக்காகவோ இதயத்துக்காகவோ தோலில் மருந்துப் பட்டி ஒட்டியிருப்பவர்களுக்கும் அப்படியே, சூட்டில் மருந்து கூடுதலாக உள்ளே போகும். இவர்கள் எல்லோரும் தமது வைத்தியரிடம் நேரடியாகக் கேட்க வேண்டும்.

அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், ஓய்விலும் நெஞ்சு நோவு வருபவர்கள், இதய வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள், காய்ச்சல் உள்ளவர்கள் போகக் கூடாது. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாயின் உடல் வெப்பம் அதிகம் ஏறுவது சிசுவுக்கு நல்லதல்ல. பழக்கமில்லாத எங்கள் பெண்கள் கர்ப்ப காலம் முழுவதும் தவிர்ப்பதே மேல். பிள்ளைக்காக முயலும் ஆண்களும் தவிர்க்கலாம். சூடு விந்தணுக்களைத் தற்காலிகமாகக் குறைக்கும்.

உள்ளே போகும் முறை

முதல் தடவை 60 முதல் 70 பாகை போதும். கீழ் வாங்கில், ஐந்து முதல் பத்து நிமிடம். மேல் வாங்கில் சூடு மிகக் கூட. பழகிய பின்னும் ஒரே தடவையில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். போட்டி போட வேண்டாம். பின்லாந்தின் ஹெய்னோலாவில் 110 பாகை சூட்டில் யார் கூட நேரம் இருப்பது என்று உலகப் போட்டி நடத்தினார்கள். 2010இல் இறுதிச் சுற்றில் ஒருவர் இறந்தார், மற்றவர் கடும் காயத்தோடு தப்பினார். அதோடு அந்தப் போட்டி நிறுத்தப்பட்டது. அவர்கள் பழகிய மனிதர்கள்.

குடித்துவிட்டுப் போகவே கூடாது. பின்லாந்தில் சவுனாவில் நிகழும் மரணங்களில் கணிசமானவற்றில் மது சம்பந்தப்பட்டிருக்கிறது. விருந்து நாளில் சவுனாவைச் சூடாக்காமல் விடுவதே சிறந்த வழி.

ஒரு தடவையில் அரை லீற்றர் வரை வியர்வை போகலாம். முன்னும் பின்னும் தண்ணீர் குடியுங்கள். தேசிக்காய்த் தண்ணீரோ மோரோ உப்புப் போட்டுக் குடிக்கலாம். எழும்பும்போது ஒரு நிமிடம் கால் தொங்கப்போட்டு இருந்துவிட்டு எழும்புங்கள். வெளியே பனிக்குள் குதிப்பது, குளிர்நீரில் பாய்வது எல்லாம் இதய நோயாளருக்கும் குருதி அழுத்தக்காரருக்கும் வேண்டாம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் தொடங்கி மெதுவாகக் குளிரவையுங்கள்.

நகையைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். தாலிக்கொடி எங்கள் பெண்கள் இலகுவில் கழற்றாத ஒன்று. ஆனால் தடித்த கொடி சில நிமிடங்களில் சூடேறி நெஞ்சில் தழும்பு போடும். கழற்ற மனமில்லாதவர்கள் அந்த நேரத்துக்கு மஞ்சள் கயிறு கட்டலாம், அல்லது உலர்ந்த துவாயைக் கொடிக்கும் தோலுக்கும் இடையே வைத்துக் குறைந்த சூட்டில் சில நிமிடங்கள் மட்டும் இருக்கலாம். உடுப்பு பற்றி வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் வீடு, உங்கள் வழக்கம். பருத்திச் சாரமும் துவாயும் போதும். நைலோன் நீச்சலுடை மட்டும் வேண்டாம்.

சிறு பிள்ளைகளின் உடல் பெரியவர்களைவிட வேகமாகச் சூடாகும். பின்லாந்தில் குழந்தைகளையும் கொண்டுபோகிறார்கள் என்பது உண்மை. அவர்களுக்குத் தலைமுறைகளின் அனுபவம் உண்டு. நாங்கள் பள்ளிக்கூட வயதுவரை பொறுப்பது நல்லது. அதன் பின்னும் கீழ் வாங்கில், பெரியவரோடு, ஐந்து நிமிடம். பிள்ளை 'போதும்' என்றால் அந்தக் கணமே வெளியே.

யாராவது மயங்கினால் வெளியே இழுத்து, அடுப்பை நிறுத்தி, படுக்க வைத்து, தண்ணீரால் துடைத்து விசிறுங்கள். முள்ளந்தண்டுக் காயக்காரரை மட்டும், அவர் நினைவோடு இருந்தால், நிமிர்த்தி இருத்துங்கள். நினைவு திரும்பாவிட்டால், கதை தடுமாறினால் காத்திருக்க வேண்டாம். நோர்வேயில் 113, கனடாவில் 911, சுவிஸில் 144, பின்லாந்திலும் ஜேர்மனியிலும் 112.

ஊருக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு

'அம்மாவுக்கு முழங்கால் நோ, ஒரு ஆவிக் கூடாரம் அனுப்பட்டோ?' என்று கேட்பவர்கள் உண்டு. அனுப்ப வேண்டாம். சித்திரை வெயிலில், ஈரப்பதன் நிறைந்த எங்கள் கரையோரக் காற்றில், முதியவர் ஒருவரை ஆவிக்குள் வைப்பது வெப்பப் பக்கவாதத்தை அழைப்பது போன்றது. நோவுக்கு ஒற்றடம் போதும். அதுவும் உணர்வுள்ள இடத்தில்.

வேது பிடிப்பவர்களும் கவனியுங்கள். அடுப்பில் கொதிக்கும் பானைக்கு மேல் குனியாதீர்கள். இறக்கி, ஆடாத நிலத்தில் வைத்து, சற்று ஆறவிட்டுப் பிடியுங்கள். கட்டிலிலோ மடியிலோ பானையை வைக்கக் கூடாது. சிறு பிள்ளையைப் போர்வைக்குள் எடுக்கவே கூடாது. சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெற்றவர்கள் வேதுத் தண்ணீர் வார்க்கும் முன் மருத்துவமாதுவைக் கேளுங்கள். சுட்டுவிட்டால் பற்பசையோ எண்ணெயோ பூசாமல் இருபது நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள். அவசரம் என்றால் 1990 இலக்கத்தை அழையுங்கள்.

அத்தானின் கால் ஆற ஆறு கிழமை எடுத்தது. உணர்வில்லாத இடத்துப் புண் அப்படித்தான், சுணங்கும். சனிக்கிழமைகளில் அந்தச் சவுனா இன்னும் சூடாகிறது. இப்போது அவர் உள்ளே போவதில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே கதிரை போட்டு, தேநீர்ப் போத்தலும் கடிகாரமுமாக இருக்கிறார். பத்து நிமிடம் ஆனதும் கதவைத் தட்டுவார். பிள்ளைகள் 'இன்னும் ரெண்டு நிமிஷம் அப்பா' என்று கெஞ்சினாலும் விடமாட்டார்.

சவுனா உள்ள ஒவ்வொரு வீட்டிலும் வெளியே அப்படி ஒருவர் இருக்க வேண்டும்.